‘பான் நம்பரா... வேற வீடு பாத்துக்கோ தம்பி!’ - ஹவுஸ் ஓனர்கள் மறந்துபோன வரிக் கணக்கு

போன ஞாயிற்றுக்கிழமை சேலையூரில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். காபி வருவதற்குள் மாடிப்படியில் பேச்சுச் சத்தம். மாடி போர்ஷனில் குடியிருக்கும் தம்பி கையில் மொபைலோடு நின்றிருந்தார்.

“சார், ஆபீஸ்ல ஹெச்.ஆர்.ஏ-வுக்கு ப்ரூஃப் கேக்குறாங்க. உங்க பான் நம்பர் மட்டும் குடுத்தீங்கன்னா போதும்.”

“பான் நம்பரா? வீடு பாக்க வரும்போது இதெல்லாம் பேசலையே. வேணும்னா வேற வீடு பாத்துக்கோ தம்பி.”

அந்தத் தம்பியின் பெண் குழந்தை பக்கத்துத் தெரு ஸ்கூலில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். கல்வியாண்டு நடுவில் வீடு மாறுவது என்றால் என்ன பாடு என்று வாடகை வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். அவர் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டார். பெரியப்பா மட்டும் காபி ஆறுகிற வரை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். “மூணு போர்ஷன் வாடகையும் கணக்குல வந்துச்சுன்னா வரியே பாதி தின்னுடும். ரிட்டையர் ஆனவன் எங்கே போவேன்?”

“பெரியப்பா, ஒரு பேப்பரும் பேனாவும் குடுங்க”ன்னு கேட்டேன். அடுத்த அரை மணி நேரம் நாங்கள் போட்ட கணக்குதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். ஏனென்றால், பெரியப்பாவைப் போலவே பயந்துகொண்டு வாடகையை ரொக்கமாக வாங்கி பீரோவில் வைக்கும் ஆயிரக்கணக்கான ஹவுஸ் ஓனர்கள், இல்லாத வரிக்குப் பயப்படுகிறார்கள். இன்னொரு பக்கம், ‘ரெண்டாவது ஃபிளாட் வாங்கினா வரி மிச்சம்’ என்று நம்பி இ.எம்.ஐ கட்டும் இளைஞர்கள், இல்லாத சலுகையை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். வரிச் சட்டம் சத்தமில்லாமல் மாறிவிட்டது. நம்ம மனக்கணக்கு இன்னும் பத்து வருஷம் பின்னாடியே நிற்கிறது.

பெரியப்பாவின் பேப்பர்

மத்திய அரசு வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர். பென்ஷன் மாதம் 60,000, வருடத்துக்கு 7,20,000 ரூபாய். எஃப்.டி வட்டி 1,50,000. கீழே ஒன்று, மாடியில் ஒன்று, பின்னால் அவுட் ஹவுஸ் மாதிரி ஒன்று என மூன்று போர்ஷன். ஒவ்வொன்றும் 12,000. ஆக, வாடகை வருடத்துக்கு 4,32,000. வீட்டுக் கடன் எதுவும் பாக்கி இல்லை.

இதில் 4,32,000-மும் அப்படியே வருமானம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அப்படி இல்லை. முதலில், மாநகராட்சிக்குக் கட்டிய சொத்து வரியைக் கழிக்கலாம். அவர் கட்டியது 12,000. மீதி 4,20,000. இதில் 30 சதவிகிதத்தை, அதாவது 1,26,000 ரூபாயைச் சட்டமே நிலையான கழிவாகத் தள்ளிக் கொடுக்கிறது. எந்த பில்லும் வேண்டாம், ரசீதும் வேண்டாம். வெள்ளையடித்தீர்களா, மோட்டார் ரிப்பேர் செய்தீர்களா என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆக, வாடகையில் வரிக்கு உட்படுவது 2,94,000 மட்டுமே.

இப்போது மொத்தத்தையும் கூட்டுவோம். புதிய வரி முறையில் பென்ஷனுக்கும் 75,000 நிலையான கழிவு உண்டு. அது போக 6,45,000. வட்டி 1,50,000. வாடகை 2,94,000. மொத்தம் 10,89,000.

2025-26 நிதியாண்டில் புதிய முறையைத் தேர்ந்தெடுக்கும் இந்தியவாசி ஒருவருக்கு, வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் 87ஏ தள்ளுபடியால் வரி பூஜ்ஜியம். வாடகையும் வழக்கமான அடுக்கு விகிதத்தில் வரும் வருமானம்தான் என்பதால் தள்ளுபடிக்குத் தடை இல்லை.

பெரியப்பா பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஜீரோவா?”

“ஜீரோ பெரியப்பா.”

இதே கணக்கைப் பழைய முறையில் போட்டும் காட்டினேன். 80சி-யில் 1.5 லட்சம், மூத்த குடிமக்களுக்கான வட்டிக் கழிவு 50,000 எல்லாம் முழுசாக எடுத்தாலும் 96,512 ரூபாய் வரி வருகிறது. அவர் மனதில் இருந்த பூச்சாண்டி இந்தப் பழைய கணக்குதான்.

வேடிக்கை இன்னொன்று இருக்கிறது. மாடித் தம்பியின் சம்பளம் வருடத்துக்கு 9 லட்சம். புதிய முறையில் அவருக்கும் வரி பூஜ்ஜியம்தான். புதிய முறையில் ஹெச்.ஆர்.ஏ கழிவே கிடையாது, அதனால் பான் நம்பரும் தேவையில்லை. ஆபீஸில் போன வருடம் பழைய முறை என்று டிக் அடித்ததை இந்த வருடமும் அப்படியே விட்டிருக்கிறார். ஆக, இரண்டு பேருக்குமே தேவையில்லாத ஒரு விஷயத்துக்காக ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்ய இருந்தது!

ஆனால் கதை இதோடு முடியவில்லை. “கீழ் போர்ஷன்காரர் போன வருஷம் பான் கேட்டாரா?” என்று விசாரித்தேன். கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை, வாடகை ஒப்பந்தத்திலேயே பெரியப்பாவின் பான் இருக்கிறது. அதைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டார். வருடத்துக்கு 1 லட்சத்துக்கு மேல் வாடகை கொடுத்து ஹெச்.ஆர்.ஏ கேட்பவர் ஓனரின் பான் கொடுத்தே ஆக வேண்டும் என்பது விதி. மாதம் 8,334 ரூபாய் வாடகை என்றாலே இந்த வளையத்துக்குள் வந்துவிடும். சென்னையில் எந்த வீடு அதற்குக் கீழே கிடைக்கிறது, சொல்லுங்கள்?

போன வருஷத்துப் பாக்கி

அங்கேதான் சிக்கல். 12 லட்சம் சலுகை 2025-26 முதல்தான். 2024-25 நிதியாண்டில் புதிய முறையின் தள்ளுபடி வரம்பு 7 லட்சம் மட்டுமே. போன வருஷமும் பெரியப்பாவுக்கு இதே வரவுதான். வாடகையைக் காட்டாமல் பென்ஷன், வட்டிக்கு மட்டும் 30,680 ரூபாய் வரி கட்டி ரிட்டர்ன் போட்டிருக்கிறார். வாடகையையும் சேர்த்தால் 65,884. வித்தியாசம் 35,204 ரூபாய். வட்டி தனி.

வருமான வரித் துறை இப்போது எந்த மனநிலையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2025 ஜூலை 14 அன்று, போலிக் கழிவுகளைக் காட்டியவர்கள், காட்ட உதவியவர்கள் தொடர்பாக நாடு முழுக்க 150 இடங்களில் சோதனை நடந்தது. தமிழ்நாடும் அதில் உண்டு. தவறாகப் பயன்படுத்தப்பட்டதாகத் துறை பட்டியலிட்ட பிரிவுகளில் ஹெச்.ஆர்.ஏ-வும் ஒன்று. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் தாங்களாகவே ரிட்டர்னைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் கழிவுகளைத் திரும்பப் பெற்றதாகவும் அறிவித்தார்கள். ஹெச்.ஆர்.ஏ கணக்கில் வாடகைதாரர் சொல்வதும் துறையிடம் இருக்கும் தகவலும் பொருந்தாத சில நேர்வுகள் வழக்கமான சரிபார்ப்பில் கண்ணில் பட்டதாக நேரடி வரிகள் வாரியம் 2024 ஏப்ரலிலேயே சொல்லியிருக்கிறது. அப்போது ‘சிறப்பு வேட்டை எதுவும் இல்லை’ என்றும் சேர்த்துச் சொன்னார்கள். வேட்டை இல்லை என்றாலும் கம்ப்யூட்டர் தூங்குவதில்லை.

2024-25-க்கான ரிட்டர்னைத் திருத்திப் போட 2025 டிசம்பர் 31 வரைதான் அவகாசம். அதற்குள் திருத்தினால் வரியும் வட்டியும் மட்டும்தான். தவறவிட்டால் ‘அப்டேட்டட் ரிட்டர்ன்’ வழி. அதில் முதல் 12 மாதத்துக்கு வரி, வட்டித் தொகையின் மேல் 25 சதவிகிதம் கூடுதல். அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு 50, 60, 70 என ஏறும். 2025 பட்ஜெட்டில் இந்த வழியை 48 மாதங்கள் வரை நீட்டியிருக்கிறார்கள். பெரியப்பா விஷயத்தில் இரண்டு வாரம் சோம்பேறித்தனத்துக்கு விலை சுமார் 9,000 ரூபாய். துறையே முந்திக்கொண்டு கண்டுபிடித்தால்? குறைத்துக் காட்டியதற்கு வரியில் 50 சதவிகிதம் அபராதம். வேண்டுமென்றே தவறாகக் காட்டியது என்று முடிவானால் 200 சதவிகிதம்.

ரெண்டாவது ஃபிளாட் என்ற பழைய மந்திரம்

இப்போது மறுபக்கம் வருவோம். ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், வரி மிச்சம் பிடிக்கவே நாவலூர் பக்கம் ஒரு ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறார். கடன் 55 லட்சம், 8.5 சதவிகித வட்டி, 20 வருடம். இ.எம்.ஐ கிட்டத்தட்ட 47,700. வாடகை வருவதோ 20,000.

முதல் வருடக் கணக்கு இது. வாடகை 2,40,000. சொத்து வரி 6,000 போக 2,34,000. அதில் 30 சதவிகிதம் 70,200 போக 1,63,800. முதல் வருட வட்டி சுமார் 4,60,000. வாடகைக்கு விட்ட வீட்டுக்கு வட்டிக் கழிவில் உச்சவரம்பு இல்லை, முழுசாகக் கழிக்கலாம். ஆக, வீட்டுக் கணக்கில் 2,96,200 ரூபாய் நஷ்டம்.

பழைய முறையில் இந்த நஷ்டத்தில் 2 லட்சம் வரை சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம். 30 சதவிகித அடுக்கில் இருப்பவருக்கு செஸ்ஸோடு 62,400 ரூபாய் மிச்சம். மீதி 96,200-ஐ அடுத்த 8 வருடங்களுக்குள் வீட்டு வருமானத்தோடு சரிக்கட்டலாம். புரோக்கர்கள் இன்றைக்கும் விற்பது இந்தக் கணக்கைத்தான். 2017-க்கு முன்னால் அந்த 2 லட்சம் வரம்புகூட இல்லை, அப்போது உண்மையிலேயே கொண்டாட்டம்தான்.

புதிய முறையில்? வாடகை அளவுக்கு வட்டியைக் கழிக்கலாம். அதாவது வாடகைக்கு வரி இல்லை. ஆனால் நஷ்டத்தில் ஒரு ரூபாயைக்கூட சம்பளப் பக்கம் தள்ள முடியாது.

“அப்ப நான் பழைய முறையிலேயே இருந்துட்டுப் போறேன்” என்றார் நண்பர். சரி, அதையும் போட்டுப் பார்ப்போம் என்றேன். அவர் சம்பளம் 18 லட்சம். புதிய முறையில் 75,000 கழித்து 17,25,000-க்கு செஸ்ஸோடு வரி 1,50,800. பழைய முறையில் நிலையான கழிவு 50,000, 80சி 1.5 லட்சம், மருத்துவக் காப்பீடு 25,000, ஃபிளாட் நஷ்டம் 2 லட்சம். எல்லாம் போக 13,75,000. வரி 2,34,000. வரி மிச்சம் பிடிக்க ஃபிளாட் வாங்கியும், பழைய முறையில் 83,200 ரூபாய் அதிகமாகக் கட்டுகிறார்!

அவரே வாடகை வீட்டில் இருந்து, ஹெச்.ஆர்.ஏ-வில் 3 லட்சம் கழிவு கிடைக்கிறது என்றால் மட்டும் கணக்கு மாறும். அப்போது பழைய முறையின் வரி 1,40,400. பத்தாயிரம் ரூபாய் லாபம். ஃபிளாட் நஷ்டம், ஹெச்.ஆர்.ஏ, 80சி என மூணு தூணும் இருந்தால்தான் பழைய முறை நிற்கும். ஒரு தூண் போனாலும் சரிந்துவிடும். உங்கள் எண்களை வைத்து இரண்டு முறையிலும் போட்டுப் பாருங்கள், அடுத்தவர் கணக்கை நம்பாதீர்கள்.

புதிய முறையில் இருப்பவர்களுக்கு இதிலிருந்து ஒரு உபயோகமான விஷயம் கிடைக்கிறது. பெரும்பாலான ஆடிட்டர்கள்கூட இதைத் தானாக எடுத்துச் சொல்வதில்லை. நண்பருக்கு வரியில் பயன்படும் வட்டி 1,63,800 ரூபாய் மட்டும்தான். 8.5 சதவிகிதத்தில் அது சுமார் 19 லட்சம் கடனுக்கான வட்டி. அவர் கடனோ 55 லட்சம். அப்படியென்றால் மீதி 36 லட்சத்தின் வட்டிக்கு வரிச் சலுகை ஒரு பைசாகூட இல்லை. ‘கடனை முன்கூட்டியே அடைச்சா டாக்ஸ் பெனிஃபிட் போயிடுமே’ என்று போனஸை எஃப்.டி-யில் போட்டு வைத்திருந்தார். எஃப்.டி வட்டிக்கு வரி கட்டிக்கொண்டு, சலுகை இல்லாத கடனுக்கு 8.5 சதவிகித வட்டியும் கட்டிக்கொண்டு. இப்போது போனஸ் நேராகக் கடனுக்குப் போகிறது.

சின்னச் சின்னதாக மிச்சம் பிடிப்பது

பெரிய மந்திரம் போய்விட்டது. ஆனால் சட்டத்துக்கு உட்பட்டுச் சேமிக்க சின்ன வழிகள் நிறையவே இருக்கின்றன.

அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ‘வாடகை 20,000, மெயின்டனன்ஸ் அதிலேயே அடக்கம்’ என்று பேசினால், 20,000-மும் உங்கள் வாடகை வருமானம். அதில் 3,000-ஐ நீங்கள் அசோசியேஷனுக்குக் கட்டினாலும் தனியாகக் கழிக்க முடியுமா என்பது தீர்ப்பாயங்கள் வரை போன வழக்கு. எதற்கு வம்பு? ‘வாடகை 17,000, மெயின்டனன்ஸ் 3,000 நேரடியாக அசோசியேஷனுக்கு’ என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். வாடகைதாரர் கையிலிருந்து போவது அதே 20,000. 30 சதவிகித அடுக்கில் இருக்கும் ஓனருக்கு வருடத்துக்கு 7,862 ரூபாய் மிச்சம்.

சொத்து வரி விஷயத்தில் ஒரு நுணுக்கம். கட்ட வேண்டிய வருடம் கணக்கில்லை, கட்டிய வருடம்தான் கணக்கு. மூன்று வருட பாக்கியை இந்த மார்ச் 31-க்குள் கட்டினால் மொத்தமும் இந்த ஆண்டே கழியும். ஓனர் கட்டியிருக்க வேண்டும், வாடகைதாரர் கட்டியது சேராது. 2022-ல் தமிழ்நாட்டில் சொத்து வரி ஏறிய பிறகு இது சில்லறைத் தொகையும் இல்லை. சென்னையில் அரையாண்டு தொடங்கும் முதல் மாதத்திலேயே கட்டினால் 5 சதவிகிதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை தனி.

மொத்த வருமானம் 12 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டுகிறதா? பதற வேண்டாம். 12,10,000 என்றால் அடுக்குப்படி வரி 61,500. ஆனால் விளிம்பு நிவாரணத்தால் நீங்கள் கட்டுவது, தாண்டிய 10,000 ரூபாயும் செஸ்ஸும்தான். இந்த எல்லையில் நிற்பவர்கள் சொத்து வரிப் பாக்கியை மார்ச்சுக்குள் கட்டினாலே பூஜ்ஜியத்துக்கு இறங்கிவிடலாம்.

அப்பாவிடம் எஃப்.டி-யில் 15 லட்சம் இருக்கிறது, மகன் வாடகைக்கு விட ஃபிளாட் வாங்குகிறார் என்று வையுங்கள். அப்பாவிடமே வட்டிக்குக் கடன் வாங்கலாம். வட்டிக் கழிவுக்கு வங்கிக் கடனாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. நண்பர், உறவினர் கடனுக்கும் உண்டு. அப்பா தன் ரிட்டர்னில் அந்த வட்டியைக் காட்ட வேண்டும். அவர் மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் என்றால் அவருக்கும் வரி இல்லை. ஆனால் கடனும் வட்டியும் வங்கி வழியாக நிஜமாகவே போய்வர வேண்டும். பேப்பரில் மட்டும் எழுதி வைத்தால் அது திட்டம் இல்லை, மோசடி.

ஊரில் பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீடு பற்றியும் பலர் கேட்கிறார்கள். சொந்த உபயோகம் என்று இரண்டு வீடுகளைக் காட்டிக்கொள்ளலாம், இரண்டுக்கும் வருமானம் பூஜ்ஜியம். ‘வேலை நிமித்தம் வேறு ஊரில் இருக்கிறேன்’ என்ற காரணமெல்லாம் இனி தேவையில்லை, 2025 பட்ஜெட்டில் எடுத்துவிட்டார்கள். மூன்றாவது வீடு பூட்டியே இருந்தாலும், வாடகை வந்திருந்தால் எவ்வளவு வந்திருக்குமோ அதற்கு வரி உண்டு. பூட்டி வைப்பதற்கும் வரி! அதற்கு வாடகைக்கு விடுவதே மேல்.

ஒரு விஷயம். யூடியூபில் அமெரிக்க முதலீட்டாளர்கள் வாடகை வீட்டுக்கு ‘தேய்மானம்’ கழிப்பதைப் பற்றி ஆஹா ஓஹோ என்று பேசுவார்கள். அங்கே குடியிருப்பு வீட்டை 27.5 வருடத்தில் தேய்மானமாகக் கழிக்கலாம். நம்மூரில் வீட்டு வாடகைக்கு அது கிடையவே கிடையாது. அதற்குப் பதில்தான் அந்த 30 சதவிகிதம். ‘வாடகையை பிசினஸ் வருமானமாகக் காட்டி செலவெல்லாம் கழிக்கலாம்’ என்ற சந்தும் 2024 பட்ஜெட்டில் அடைபட்டது. குடியிருப்பு வீட்டின் வாடகை, வீட்டுச் சொத்து வருமானம் என்ற தலைப்பில்தான் வர வேண்டும்.

வீட்டுக்காரம்மா பேரில்...

‘வீட்டை மனைவி பேரில் மாத்திட்டா வாடகை அவங்க கணக்குல போயிடும்ல?’ பெரியப்பாவும் இதைத்தான் கேட்டார். போகாது. பணம் வாங்காமல் மனைவிக்கோ கணவருக்கோ எழுதிக் கொடுத்த வீட்டின் வாடகை, எழுதிக் கொடுத்தவர் கணக்கிலேயே சேரும். மைனர் பிள்ளைகள் பேரில் எழுதினாலும் அப்படித்தான். செட்டில்மென்ட் பத்திரத்துக்குச் செலவு பண்ணதுதான் மிச்சம்.

மனைவி தன் சம்பளத்திலோ, தன் பிறந்த வீட்டு நகையை விற்றோ பங்கு போட்டிருந்தால் அது வேறு. பங்கின் அளவு பத்திரத்தில் தெளிவாக இருந்து, பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆதாரமும் இருந்தால், வாடகை அதே விகிதத்தில் இரண்டாகப் பிரியும். இரண்டு பேருக்கும் தனித்தனியாக 12 லட்சம் வரம்பு. நம் வீடுகளில் நகையை விற்று வீடு கட்டுவது சாதாரணம், ஆனால் பத்திரத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும். வரிக்காக மட்டும் சொல்லவில்லை, பணம் போட்டவர் பெயர் பத்திரத்தில் இருப்பதுதானே முறை?

வயது வந்த மகன், மகளுக்கு எழுதிக் கொடுத்தால் வாடகை அவர்கள் கணக்கில்தான் போகும். அதற்காக, இருக்கிற ஒரே வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு மருந்துக்குக் கைநீட்டி நிற்கும் நிலை வேண்டாம். பத்தாயிரம் ரூபாய் வரியைவிட அது ரொம்பப் பெரிய விலை.

ஓனர் வெளிநாட்டில் இருந்தால்

மகன் துபாயில், ஃபிளாட் வேளச்சேரியில், வாடகையை வாங்குவது அம்மா. தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு இருக்கும் கதை. இதில் மாட்டிக்கொள்ளப்போவது வாடகைதாரர் என்பது பலருக்குத் தெரியாது. ஓனர் என்.ஆர்.ஐ என்றால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாடகைதாரர் 31.2 சதவிகிதம் டி.டி.எஸ் பிடிக்க வேண்டும். அதற்கு டான் எண்ணும் வாங்க வேண்டும். உள்ளூர் ஓனர் என்றால், சாதாரணக் குடும்பத்தினர் மாதம் 50,000-க்கு மேல் வாடகை கொடுத்தால்தான் பிடித்தம், அதுவும் 2 சதவிகிதம்தான்.

20,000 வாடகைக்கு வருடத்தில் 74,880 ரூபாய் பிடிபடும். இந்தியாவில் வேறு வருமானம் இல்லாத என்.ஆர்.ஐ-க்கு, 30 சதவிகிதக் கழிவு போக மீதி 4 லட்சம் அடிப்படை வரம்புக்குள்தான் இருக்கும். ரிட்டர்ன் போட்டால் முழுசாகத் திரும்ப வரும். முன்கூட்டியே துறையிடம் விண்ணப்பித்து, குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழ் வாங்கவும் வழி உண்டு. ஆனால் 12 லட்சம் வரை வரியில்லை என்ற தள்ளுபடி என்.ஆர்.ஐ-களுக்குக் கிடையாது. இந்தியாவில் பெரிய வருமானம் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

அட்வான்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. திருப்பித் தர வேண்டிய தொகை என்பதால் அதற்கு வரி இல்லை. ஆனால் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் போட சட்டத்தில் இடம் இருக்கிறது. தவிர, பத்து மாத அட்வான்ஸ் என்பது சென்னையின் பழக்கமே தவிர சட்டம் இல்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால், அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது.

விற்கும்போது

வாடகை போதவில்லை, விற்றுவிடலாம் என்பவர்கள் அவசரப்பட்டு 12.5 சதவிகித வரியை ஒப்புக்கொள்ள வேண்டாம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்றால், இந்தியவாசிகளுக்கு 20 சதவிகிதமும் பணவீக்கச் சரிக்கட்டலும் கொண்ட பழைய கணக்கையும் ஒப்பிட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். 2012-13-ல் 30 லட்சத்துக்கு வாங்கி 2025-26-ல் 70 லட்சத்துக்கு விற்றால், நேரடியாக 40 லட்சம் லாபத்துக்கு 12.5 சதவிகிதம் என்றால் 5 லட்சம். பணவீக்கக் குறியீடு 200-லிருந்து 376 ஆகியிருப்பதால் வாங்கிய விலையை 56.4 லட்சமாக ஏற்றி, மீதி 13.6 லட்சத்துக்கு 20 சதவிகிதம் போட்டால் 2.72 லட்சம்தான். வீட்டின் விலை வேகமாக ஏறியிருந்தால் முதல் வழி லாபம், மெதுவாக ஏறியிருந்தால் இரண்டாவது. 87ஏ தள்ளுபடி இந்த லாபத்துக்குச் செல்லாது என்பதும் நினைவிருக்கட்டும்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம்தான். பிரிவு எண்கள் எல்லாம் மாறும், ‘அசெஸ்மென்ட் இயர்’ போய் ‘டாக்ஸ் இயர்’ என்று ஒன்றே இருக்கும். ஆனால் 30 சதவிகிதக் கழிவு, சொத்து வரிக் கழிவு, வட்டிக் கழிவு எல்லாம் அப்படியே தொடர்கின்றன. ‘புதுச் சட்டத்துல வாடகைக்குச் சலுகை எல்லாம் போச்சாமே’ என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்ப வேண்டாம்.

பெரியப்பா திங்கட்கிழமையே ஆடிட்டரைப் பார்த்து 2024-25 ரிட்டர்னைத் திருத்தச் சொல்லிவிட்டார். 35,204 ரூபாயும் வட்டியும் கட்டும்போது முகம் சுருங்கியதாகப் பெரியம்மா போனில் சொன்னார். அதற்கு முந்தைய வருடங்களை என்ன செய்வது என்று ஆடிட்டர் கேட்டதற்கு மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லையாம். மாடித் தம்பி ஆபீஸில் புதிய முறைக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார், பான் தேவைப்படவில்லை. ஆனாலும் பெரியப்பா ஒரு துண்டுச் சீட்டில் நம்பரை எழுதிக்கொண்டு மாடி ஏறிப்போய், “வச்சுக்கோ தம்பி, எதுக்காவது கேட்டா குடு” என்று கொடுத்துவிட்டு வந்தாராம். “அப்புறம், ஏப்ரல்ல வாடகை ஐநூறு ஏறும்” என்பதையும் அப்போதே சொல்லியிருக்கிறார்.